பிள்ளைகளுக்குக் கவிதையை அறிமுகப்படுத்துவது எப்படி: தாலாட்டிலிருந்து வெண்பா வரை

பாடநூலில் செய்யுள் வரும் பக்கத்தை நினைத்துப் பாருங்கள். மேலே பாட்டு, மனப்பாடப் பகுதி என்று காட்ட ஒரு நட்சத்திரக் குறி, கீழே சொற்பொருள், பாடலின் பொருள், நூல்வெளி, மதிப்பீடு. பாட்டைக் காதால் கேட்பதற்கு முன்பே பிள்ளைகள் அதற்கு விளக்கம் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். ஏழாம் வகுப்புக்கு வரும்போது கவிதை என்றால் தேர்வில் இரண்டு, நான்கு மதிப்பெண் என்ற அளவில் நின்றுவிடுகிறது.

இந்த வழிகாட்டி மூன்றாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கானது. ஆசிரியர்கள் பயன்படுத்தலாம், வீட்டில் பெற்றோரும் செய்து பார்க்கலாம். இதன் அடிப்படை ஒன்றுதான்: முதலில் காது, அப்புறம் வாய், அப்புறம் கை. மோனை, எதுகை, வெண்பா என்ற பெயர்கள் எல்லாம் கடைசியில். பெயர் தெரிவதற்கு முன்பே அந்த வடிவத்தைப் பிள்ளை ஒரு தடவையாவது தன் கையால் செய்திருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும். ஒரு படியில் பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருந்தால் அங்கேயே இரண்டு மூன்று வாரம் இருந்துவிடுங்கள்.

முதல் படி: வாயில் இருக்கும் பாட்டை வெளியே எடுத்தல்

எந்தப் பிள்ளையும் வெறும் வாயோடு வகுப்புக்கு வருவதில்லை. ‘கை வீசம்மா கை வீசு’, ‘சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு’, ‘மழை வருது மழை வருது நெல்லை அள்ளுங்க’ என்று ஏதாவது ஒன்று இருக்கும். முதல் வகுப்பில் கரும்பலகையையே தொடாதீர்கள். ஆளுக்கொரு பாட்டைச் சொல்லச் சொல்லுங்கள். சினிமாப் பாட்டு வந்தாலும் சரி, தடுக்க வேண்டாம். ஒருவர் சொல்ல மற்றவர்கள் கை தட்டட்டும்.

பிறகு எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

நிலா நிலா ஓடி வா
நில்லாமல் ஓடி வா
மலை மீது ஏறி வா
மல்லிகைப்பூ கொண்டு வா

இதை இரண்டு தடவை சேர்ந்து சொன்ன பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். ‘மல்லிகைப்பூ’ இருந்த இடத்தில் ‘ரோஜாப்பூ’ என்று வையுங்கள். பொருள் கெடவில்லை, தாளமும் பெரிதாகக் கெடவில்லை. ஆனால் ஏதோ சரியில்லை என்று பிள்ளைகள் உடனே சொல்வார்கள். ஏன் என்று அவர்களையே தேட விடுங்கள். ‘மலை’, ‘மல்லிகை’ என்று யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். அந்தக் கண்டுபிடிப்பு அவர்களுடையதாக இருக்கட்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அதன் சுவை போய்விடும்.

வீட்டுப்பாடம்: பாட்டியிடமோ, பக்கத்து வீட்டு ஆயாவிடமோ ஒரு பாட்டைக் கேட்டு வர வேண்டும். எழுதி வரக் கூடாது, வாயில் கொண்டுவர வேண்டும்.

இரண்டாம் படி: தாலாட்டில் மோனை

வீட்டிலிருந்து வரும் பாட்டுகளில் ஒரு தாலாட்டு கட்டாயம் இருக்கும். ஊருக்கு ஊர் சொல் மாறினாலும் இந்த அடிகள் பெரும்பாலும் கிடைக்கும்:

ஆரடிச்சு நீயழுத அடிச்சாரைச் சொல்லியழு
மாமன் அடிச்சானோ மல்லிகைப்பூச் செண்டாலே
அத்தை அடிச்சாளோ அல்லிப்பூச் செண்டாலே

மாமனுக்கு ஏன் மல்லிகை, அத்தைக்கு ஏன் அல்லி? இதுதான் கேள்வி. அத்தையிடம் மல்லிகையைக் கொடுத்தால் பாட்டு இடறுகிறது. யாப்பிலக்கணம் படிக்காத தாய்மார் தலைமுறை தலைமுறையாக இதைப் பிசகாமல் செய்து வந்திருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அப்புறம் வேலையை அவர்களிடம் கொடுங்கள்: தாத்தா எந்தப் பூவால் அடித்தார்? தாமரைப்பூ. சித்தி? செண்பகப்பூ. பெரியப்பா? இதில் கொஞ்சம் திணறுவார்கள், திணறட்டும்.

‘சித்தி – செண்பகம்’ சரியா, எழுத்து வேறாக இருக்கிறதே என்று ஒரு பிள்ளை கேட்கும். சரிதான். இ, ஈ, எ, ஏ நான்கும் மோனைக்கு ஓரினம். அதுபோல அ, ஆ, ஐ, ஔ ஓரினம். உ, ஊ, ஒ, ஓ ஓரினம். மெய்யிலும் ச–த, ஞ–ந, ம–வ ஆகியவை ஒன்றுக்கொன்று மோனையாக வரும். முதல் எழுத்து இப்படி ஒன்றி வருவதுதான் மோனை. இந்த இடத்தில் முதல் முறையாக ‘மோனை’ என்ற சொல்லைப் பலகையில் எழுதலாம்.

மூன்றாம் படி: எதுகையும் இயைபும்

இயைபைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். அடியின் கடைசியில் ஒரே ஓசை வருவதைப் பிள்ளைகள் திரைப்பாடல்களில் கேட்டுக் கேட்டு அறிந்திருக்கிறார்கள். ‘வா... வா... வா...’ என்று முடியும் நிலாப் பாட்டைக் காட்டிப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகருங்கள்.

எதுகைதான் கவனம் கேட்பது. சீரின், அதாவது அடியைப் பிரித்தால் வரும் ஒவ்வொரு துண்டின், இரண்டாம் எழுத்து ஒன்றி வர வேண்டும். முதல் எழுத்து குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்று அளவொத்து நிற்க வேண்டும். ‘பட்டு – கட்டு’ எதுகை. ‘பாட்டு – கேட்டு’ எதுகை. ‘பட்டு – பாட்டு’ எதுகையாகாது. இந்த மூன்றாவதைக் கொடுத்து, ஏன் ஆகாது என்று அவர்களிடமே கேளுங்கள்.

சான்றுக்கு வெகுதூரம் போக வேண்டாம், முதல் குறளே போதும்:

அகர முதல எழுத்தெல்லாம் ஆதி
பகவன் முதற்றே உலகு

அகர – ஆதி மோனை, அகர – பகவன் எதுகை. இரண்டையும் வேறு வேறு வண்ணத்தில் வட்டமிடச் சொன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எளிதாகச் செய்துவிடுவார்கள். அதோடு இந்தக் குறளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்:

துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத்
துப்பாய தூஉம் மழை

பொருளைச் சொல்லாமல் முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு வகுப்பே சேர்ந்து சொல்லட்டும். தகரக் கூரையில் மழை விழும் சத்தம் என் காதுக்கு இதில் கேட்கிறது. பிள்ளைகளுக்கு என்ன கேட்கிறது என்று கேட்டுவிட்டு, ‘உண்பவருக்கு உணவை விளைவித்துத் தந்து, தானும் உணவாக இருப்பது மழை’ என்ற பொருளை அப்புறம் சொல்லுங்கள்.

நான்காம் படி: வகுப்புக்கு ஓர் ஆத்திசூடி

எழுத வைக்கும் முதல் வடிவமாக நான் ஆத்திசூடியைத்தான் பரிந்துரைப்பேன். வரி சின்னது, ஒவ்வொரு வரிக்கும் தொடங்கும் எழுத்து தயாராக இருக்கிறது, யாரும் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஔவையார் 109 வரிகள் பாடினார். அதே வடிவத்தில் பாரதியார் 110 வரிகளில் புதிய ஆத்திசூடி பாடினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது அருமையான பாடம். ‘அறஞ்செய விரும்பு’ என்று ஔவை தொடங்க, பாரதி ‘அச்சம் தவிர்’ என்று தொடங்குகிறார். ஔவை ‘போர்த்தொழில் புரியேல்’ என்கிறார். பாரதி ‘போர்த்தொழில் பழகு’ என்கிறார். ‘தையல்சொல் கேளேல்’ என்று பழைய ஆத்திசூடியில் இருக்கிறது. ‘தையலை உயர்வு செய்’ என்கிறது புதியது.

ஆறு, ஏழாம் வகுப்பாக இருந்தால் இந்த மூன்று இணைகளையும் பலகையில் எழுதிவிட்டுச் சும்மா இருங்கள். பெரியவர்கள் சொன்னதையே மறுத்துப் பாடலாம், அதுவும் அவர்களுடைய வடிவத்திலேயே பாடலாம் என்பதைப் பிள்ளைகள் தாமாகப் பார்ப்பார்கள். அப்போது எழும் பேச்சுக்கு அந்தப் பாடவேளை முழுவதையும் விட்டுவிடலாம்.

பிறகு அகரவரிசையைப் பங்கு போட்டுக் கொடுங்கள். வகுப்பறையில் நடப்பதை மட்டும் வைத்து, ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொல்:

அழிப்பான் இரவல் கொடு
ஆட்டோவில் இடித்துக்கொள்ளேல்
இடைவேளையில் ஓடு
ஈரக்குடை வெளியே வை
உணவில் பங்கு தா
ஊக்கு கேட்டால் உதவு

‘-ஏல்’ என்று முடியும் வினை பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகும். ‘கிள்ளேல்’, ‘கோள் சொல்லேல்’ என்று வெளியிலும் பேசத் தொடங்குவார்கள். நல்லதுதான்.

ஐந்தாம் படி: விடுகதை, அதிலிருந்து சிலேடை

உவமை, உருவகம் என்ற சொற்களோடு தொடங்கினால் பிள்ளைகள் கண்ணில் தூக்கம் வரும். விடுகதையோடு தொடங்குங்கள். ‘ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி, ஒருவன் கண்பட்டு உடைந்ததாம் மண்டபம்’ – தேன்கூடு. ‘சின்ன மச்சான் குனிய வச்சான்’ – முள். ஒன்றின் பெயரை மறைத்து இன்னொன்றாகக் காட்டுவதுதான் உருவகம். அதைத்தான் இவர்கள் சிரித்துக்கொண்டே செய்கிறார்கள்.

ஒவ்வொருவரும் தன் பையில் இருக்கும் ஒரு பொருளுக்கு விடுகதை எழுத வேண்டும். ஒரே விதி: அந்தப் பொருளின் பெயர் வரக் கூடாது, அதைப் பார்த்தால் மட்டும் தெரியும் ஒரு செய்தி கட்டாயம் வர வேண்டும். ‘எனக்கு உதவும்’ என்பது எதற்கும் பொருந்தும். ‘சீவச் சீவக் குள்ளமாகும்’ பென்சிலுக்கு மட்டுமே பொருந்தும்.

விடுகதை பழகிய பிள்ளைகளுக்குக் காளமேகப் புலவரின் இந்த வெண்பாவைக் கொடுக்கலாம்:

ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேயிரையும்
மூடித் திறக்கின் முகங்காட்டும் – ஓடிமண்டை
பற்றிற் பரபரெனும் பாரிற்பிண் ணாக்குமுண்டாம்
உற்றிடுபாம் பெள்ளெனவே யோது

ஒரே பாட்டு பாம்பையும் எள்ளையும் சொல்கிறது. இப்படி ஒரே சொற்கள் இரண்டு பொருள் தருவதுதான் சிலேடை. பாம்பு படமெடுத்து ஆடிப் பாம்பாட்டியின் குடத்தில் அடையும். எள் செக்கில் ஆடி எண்ணெயாகிக் குடத்தில் சேரும். ஆடும்போது பாம்பு சீறும், செக்கு இரையும். மூடியைத் திறந்தால் பாம்பு தலையைக் காட்டும்; எண்ணெய் பார்ப்பவர் முகத்தைக் காட்டும். பாம்புக்குப் பிளந்த நாக்கு உண்டு, எள்ளுக்குப் பிண்ணாக்கு உண்டு. வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் பாம்பு, ஒரு பக்கம் எள் என்று ஒவ்வோர் அடிக்கும் வாதாட விடுங்கள். செக்கை நேரில் பார்க்காத பிள்ளைகளுக்கு மட்டும் அதை முதலில் விளக்கிவிட வேண்டும்.

ஆறாம் படி: ஒரு பனங்கிழங்கும் ஒரு நாரையும்

இந்தப் படியைத் தை மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலை ஒட்டிச் சந்தையில் பனங்கிழங்கு கிடைக்கும். வேகவைத்த கிழங்கு ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோய், நுனியிலிருந்து இரண்டாகப் பிளந்து, சற்று விரித்துப் பிடியுங்கள். நீளமாக, கூராக, செம்மை கலந்த நிறத்தில் இரண்டு பாதிகள். ‘இது எந்தப் பறவையின் மூக்கு?’ என்று கேளுங்கள். விடை வந்த பிறகு சத்திமுத்தப் புலவரின் அடிகளைச் சொல்லுங்கள்:

நாராய் நாராய் செங்கால் நாராய்
பழம்படு பனையின் கிழங்கு பிளந்தன்ன
பவளக் கூர்வாய்ச் செங்கால் நாராய்

உவமைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பவளம் என்று நிறத்தைச் சொல்கிறார், கூர் என்று வடிவைச் சொல்கிறார், இரண்டையும் ஒரே கிழங்கில் காட்டிவிடுகிறார். கிழங்கைப் பிளந்து தின்றவர் மட்டுமே இப்படி எழுத முடியும்.

அப்புறம் கதை. கும்பகோணத்துக்கு அருகே உள்ள சத்திமுற்றத்துப் புலவர், வறுமையோடு மதுரைக்குப் போய்க் குளிரில் மாட்டிக்கொள்கிறார். தெற்கே குமரியில் நீராடி வடக்கே திரும்பும் நாரையிடம், எங்கள் ஊர்க் குளத்தில் தங்கி என் மனைவியிடம் என் நிலையைச் சொல் என்கிறார். தன் நிலையை அவர் சொல்லும் அடிகள்:

கையது கொண்டு மெய்யது பொத்திக்
காலது கொண்டு மேலது தழீஇப்
பேழையுள் இருக்கும் பாம்பென உயிர்க்கும்
ஏழை யாளனைக் கண்டனம் எனுமே

இதைச் சொல்லிக்கொண்டே பிள்ளைகளைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். கைகளால் உடம்பைப் பொத்தி, முழங்காலை மடக்கி மேலோடு அணைத்து, பெட்டிக்குள் சுருண்ட பாம்பு போல மூச்சு விட வேண்டும். சொற்பொருள் தனியாக எழுதித்தர வேண்டியதே இல்லை. ‘தழீஇ’ என்றால் என்ன என்பது அவர்கள் கைக்கே தெரிந்துவிடும்.

இப்படி நான்கு சீர் அடிகளாகப் பேசுவது போல ஓடும் பாட்டுக்கு அகவல் அல்லது ஆசிரியப்பா என்று பெயர். ஒருவரிடம் செய்தி சொல்லி அனுப்பும் பாட்டு தூது. பெயர்கள் இவ்வளவு போதும். எழுதும் வேலை: வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் ஒருவருக்கு, எதையாவது தூது அனுப்ப வேண்டும். காக்கை, ரயில், சரக்கு லாரி, மேகம் எதுவாகவும் இருக்கலாம். மூன்று விஷயங்கள் வர வேண்டும்: தூது போவதன் தோற்றம், போகும் வழி, போய்ச் சொல்ல வேண்டிய சேதி. அப்பா வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் அவர்கள் எழுதுவதைச் சத்தமாகப் படிக்கக் கட்டாயப்படுத்தாதீர்கள். அவர்களே விரும்பினால் படிக்கட்டும்.

ஏழாம் படி: அந்தாதி

இது விளையாட்டு. ஒருவர் ஒரு வரி சொல்ல, அதன் கடைசிச் சொல்லில் அடுத்தவர் தொடங்க வேண்டும். ‘மழையில் நனைந்தது எங்கள் தெரு’, ‘தெரு முழுக்க ஓடியது தண்ணீர்’, ‘தண்ணீர் தூக்கிப்போனது என் செருப்பு’. வட்டமாக உட்கார வைத்து, கடைசிப் பிள்ளையின் வரி முதல் பிள்ளையின் முதல் சொல்லில் முடிய வேண்டும் என்று சொல்லுங்கள். அபிராமி அந்தாதி அப்படித்தான் ‘உதிக்கின்ற’ என்று தொடங்கி, நூறாம் பாடலில் ‘உதிக்கின்றனவே’ என்று வந்து முடிகிறது.

எட்டாம் படி: பெயர்களில் அசை பிரித்து, குறள் வெண்பாவுக்குப் போதல்

ஆறாம் வகுப்புக்குக் கீழே இதைத் தொட வேண்டாம். மேலே என்றால் தயங்கவும் வேண்டாம். யாப்பு கடினம் என்று பயப்படுவது பெரும்பாலும் பெரியவர்கள்தான்.

அசை இரண்டு. தனிக் குறிலோ நெடிலோ, ஒற்றோடு வந்தாலும் வராவிட்டாலும் நேர். இரண்டு குறிலோ, குறிலும் நெடிலுமோ சேர்ந்து வந்தால், ஒற்று வந்தாலும் வராவிட்டாலும் நிரை. நேருக்கு மேசையில் ஒரு தட்டு, நிரைக்கு ஒரு கைதட்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பெயராகத் தட்டுங்கள். மாலா: மா/லா, நேர் நேர், இந்த அசைச் சேர்க்கையின் பெயர் (வாய்பாடு) தேமா. முருகன்: முரு/கன், நிரை நேர், புளிமா. கயல்விழி: கயல்/விழி, நிரை நிரை, கருவிளம். கார்முகில்: கார்/முகில், நேர் நிரை, கூவிளம். தமிழ்ச்செல்வி வந்தால் மூன்று அசை: தமிழ்ச்/செல்/வி, புளிமாங்காய். ரவியும் ரியாவும் ஓரசைப் பெயர்கள். வெண்பாவில் இவர்களுக்குக் கடைசிச் சீரில் மட்டும்தான் இடம். தன் பெயர் என்ன வாய்பாடு என்று தெரிந்துகொண்ட பிள்ளை அதை மறப்பதில்லை.

அடுத்த வாரம் ஒரு குறளைத் தட்டிப் பாருங்கள்:

கற்/க கச/டறக் கற்/பவை கற்/றபின்
நிற்/க அதற்/குத் தக

முதலடியில் நான்கு சீர், இரண்டாவதில் மூன்று. சீர்கள் சேரும் இடத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். மாவில் முடிந்த சீருக்குப் பின் நிரை வருகிறது, விளத்தில் முடிந்த சீருக்குப் பின் நேர் வருகிறது. காயில் முடிந்தாலும் பின்னால் நேர். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக இருக்கும், ‘தக’ மலர். விதி இவ்வளவுதான்.

எழுதும்போது தனியாக விடாதீர்கள், நான்கு பேர் கொண்ட குழுவாக எழுதட்டும். முதலில் எதுகைச் சொற்கள் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு நடுவை நிரப்ப வேண்டும். மணி – அணி என்று எடுத்தால் இப்படி வரலாம்:

மணியடித்த பின்னும் மரத்தடியில் நின்றால்
அணிவகுப்பில் யார்நிற் பது

தளை, அதாவது சீரோடு சீர் சேரும் முறை, தட்டினால் அதைத் தவறு என்று சொல்லாமல், ‘இந்த இடத்தில் கை தடுமாறுகிறது, வேறு சொல் தேடு’ என்று சொல்லுங்கள். ஒரு பாடவேளையில் ஒரு குறள் முடியாவிட்டாலும் பரவாயில்லை. பாட்டில் ஒரு சொல்லுக்காக வீட்டுக்குப் போன பிறகும் பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கும். அந்த யோசனைக்காகத்தான் இவ்வளவும். கலிப்பா, வஞ்சிப்பா எல்லாம் இருக்கின்றன என்று பெயரளவில் சொன்னால் இந்த வயதுக்குப் போதும்.

ஒன்பதாம் படி: ஹைக்கூவும் புதுக்கவிதையும்

சின்னதாக இருப்பதால் ஹைக்கூவையே முதலில் கொடுப்பவர்கள் உண்டு. நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். பிடித்துக்கொள்ள மோனையும் இல்லாமல் எதுகையும் இல்லாமல் பார்வையை மட்டும் நம்பி எழுதுவது பிள்ளைகளுக்குச் சுலபமான வேலை இல்லை. ஒலியோடு பழகிய பிறகு வந்தால், எதை விட்டிருக்கிறோம் என்று தெரிந்து எழுதுவார்கள்.

ஜப்பானிய மொழியில் ஹைக்கூ 5, 7, 5 என்ற ஒலி எண்ணிக்கையில் அமையும். அந்தக் கணக்கைத் தமிழில் பெரும்பாலும் பின்பற்றுவதில்லை, மூன்று அடி மட்டும் நிலைத்துவிட்டது. 1916-இலேயே பாரதியார் ‘சுதேசமித்திர’னில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதி, அதன் சொற்சுருக்கத்தை வியந்திருக்கிறார். புதுக்கவிதை 1930-களில் ந. பிச்சமூர்த்தி போன்றவர்களால் வேர் பிடித்தது.

ஹைக்கூ நாளன்று பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். பத்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று, கண்ணில் பட்ட ஒன்றை மட்டும் எழுதி வர வேண்டும். அழகு, சோகம், மகிழ்ச்சி, அன்பு ஆகிய சொற்களுக்குத் தடை. அறிவுரைக்கும் தடை. முதல் இரண்டு அடி ஒரு காட்சியைத் தொடங்க, மூன்றாம் அடி அதைத் திருப்ப வேண்டும்.

பள்ளிக்கூடம் விட்டது
மைதானத்தின் நடுவே
ஒற்றைச் செருப்பு

புதுக்கவிதை எழுதும்போது பேச்சுவழக்கைத் தாராளமாக அனுமதியுங்கள். வரியை எங்கே உடைப்பது என்று கேட்பார்கள். சத்தமாகப் படித்துப் பார்த்து, மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கே உடைக்கச் சொல்லுங்கள்.

திருத்துவதும் கேட்பதும்

‘இந்தக் கவிதை நமக்கு உணர்த்தும் கருத்து யாது?’ என்ற கேள்வியை ஓர் ஆண்டுக்காவது ஒதுக்கி வையுங்கள். அதற்குப் பதில், எந்தச் சொல் உன் காதில் நின்றது, எந்த வரியை நீ வேறு மாதிரி எழுதுவாய், இதை எப்படிச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று கேளுங்கள். மனப்பாடத்தை நான் எதிர்க்கவில்லை, ரொம்பவும் ஆதரிக்கிறேன். நெஞ்சில் இருபது பாட்டு உள்ள பிள்ளைக்கு எழுதும்போது சொல் தானாக வந்து நிற்கும். ஆனால் மனப்பாடம் சேர்ந்து சொல்லி, தட்டி, ஆடி வர வேண்டும். பத்து தடவை எழுதி வா என்று தண்டனையாகக் கொடுத்தால் பாட்டின் மேலேயே வெறுப்பு வரும்.

பிள்ளைகள் எழுதிய கவிதையில் சிவப்பு மை படவே கூடாது. ஒற்றுப் பிழை, ல–ள–ழ பிழைகளைத் தனித்தாளில் குறித்துக் கொடுத்து, கையெழுத்து இதழுக்குப் படி எடுக்கும்போது திருத்தச் சொல்லுங்கள். அந்த இதழ் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. நான்கைந்து வெள்ளைத் தாளை நடுவில் மடித்து நூலால் தைத்தால் போதும். ஆண்டுக்கு இரண்டு இதழ் வந்தால் நல்லது. வகுப்பில் உள்ள ஒவ்வொருவரின் வரியும் அதில் இருக்க வேண்டும், தேர்ந்தெடுத்துப் போடாதீர்கள்.

ஆங்கிலவழியில் படித்துத் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் இப்போது எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பலகையில் உள்ளதைப் படிக்கச் சொல்லி நிறுத்தாதீர்கள். மேலே சொன்னவற்றில் முதல் மூன்று படிகளும், விடுகதையும், அந்தாதியும், நாரை தூதும் வாசிக்கத் தெரியாமலே செய்யக்கூடியவை. அவர்கள் வாயால் சொல்ல, பக்கத்தில் இருக்கும் பிள்ளை எழுதிக்கொள்ளட்டும். இதழில் சொன்னவர் பெயரும் எழுதியவர் பெயரும் சேர்ந்தே வரட்டும்.